ஒரு பார்க் பெஞ்சில் பிறந்த கிளப்

வணக்கம். போர்ச்சுகல் கால்பந்து கிளப் ஒன்றைப் பற்றிப் பேச வர முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டபோது யோசிக்கவே இல்லை, உடனே சரி என்றேன். எந்தக் கிளப் என்றார்கள். பெலெனென்செஸ் என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பென்ஃபிகா தெரியும், போர்ட்டோ தெரியும், ரொனால்டோ வளர்ந்த ஸ்போர்ட்டிங் தெரியும், இது என்ன புதுப் பெயர் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். நேயர்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போர்ச்சுகல் லீக் 1934-ல் தொடங்கியது. அன்றிலிருந்து அந்தப் பெரிய மூன்றையும் தாண்டி சாம்பியன் ஆன கிளப்கள் இரண்டே இரண்டு. ஒன்று 2001-ல் போவிஸ்டா. இன்னொன்று அதற்கு 55 வருடம் முன்னால், 1946-ல், பெலெனென்செஸ்.

ஆனால் கோப்பைக் கணக்குக்காக நான் இந்தக் கிளப்பைத் தேர்ந்தெடுக்கவில்லை. இந்தக் கிளப்பிடமிருந்து மைதானம் போயிருக்கிறது, கையில் வந்த பட்டம் போயிருக்கிறது, கடைசியில் ஆடுகிற அணியே மொத்தமாகக் கிளம்பிப் போயிருக்கிறது, அப்படியும் அந்தப் பேட்டை மக்கள் கிளப்பை விடவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

வேலை விஷயமாக லிஸ்பனில் இரண்டு வருடம் இருந்தேன். அஜூடா என்கிற மேட்டுப் பகுதியில் ஒரு சின்ன அறை. அங்கிருந்து சரிவில் இறங்கி நடந்தால் பெலேம் வந்துவிடும். நகர மையத்திலிருந்து வருகிறவர்கள் 15-ஆம் எண் டிராமில் தேஜோ ஆற்றை ஒட்டியே வருவார்கள். பெலேம் என்றால் சுற்றுலாக்காரர்களுக்கு ஜெரோனிமோஸ் மடாலயம், ஆற்றங்கரைக் கோபுரம், 1837-லிருந்து முட்டைக் கஸ்டர்ட் பணியாரம் சுட்டு விற்கிற அந்தக் கடை, இவ்வளவுதான். நமக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1497 ஜூலையில் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் புறப்பட்டது இந்தக் கரையிலிருந்துதான். அப்போது அந்தக் கரைக்கு ரெஸ்டெலோ என்று பெயர், இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். நாம் தினமும் சொல்கிற சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, ஏலம், கால்பந்துப் பேச்சில் வாய்க்கு வாய் வருகிற கோப்பை, எல்லாமே அவர்கள் மொழியிலிருந்து நம்மிடம் வந்து தங்கிவிட்ட சொற்கள். அந்தக் கப்பல்களின் பாயில் ஒரு சிவப்புச் சிலுவை இருந்தது. கிறிஸ்துவின் சிலுவை என்பார்கள். அவை நம் கரைகளில் செய்தது இனிமையான கதை இல்லை, அதை இன்று பேச வரவில்லை. ஆனால் அதே சிலுவைதான் பெலெனென்செஸின் சின்னம். நீலச் சட்டை, நெஞ்சில் அந்தச் சிலுவை.

பெலெனென்செஸ் என்றால் பெலேம்காரர்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். நம் ஊரில் ஒரு கிளப்புக்கு "ராயபுரத்துக்காரர்கள்" என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. இந்தப் பெயர் ஏன் வந்தது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

பென்ஃபிகா என்கிற மாபெரும் கிளப் பிறந்தது பென்ஃபிகா என்கிற இடத்தில் இல்லை, பெலேமில்தான். 1904 பிப்ரவரி 28, பெலேம் தெருவில் ஒரு மருந்துக்கடையில் இளைஞர்கள் சிலர் கூடி ஸ்போர்ட் லிஸ்போவா என்று ஒரு கிளப் தொடங்கினார்கள். ஆடச் சரியான மைதானம் இல்லை. 1908-ல், தூரத்திலிருந்த பென்ஃபிகா பகுதியின் கிளப் ஒன்றோடு சேர்ந்துகொண்டார்கள், பெயரும் மாறியது, அடையாளமும் மெல்ல அந்தப் பக்கம் போய்விட்டது. பெலேம் பையன்கள் நன்றாக ஆடினார்கள், ஆனால் ஆடியது வேறு பேட்டைகளின் பெயரில்.

அந்தப் பையன்களில் ஒருவர் ஆர்தூர் ஜோசே பெரைரா. போர்ச்சுகல் கால்பந்தின் முதல் நட்சத்திரம் என்றே அவரைச் சொல்வார்கள். பென்ஃபிகாவுக்கு ஆடினார், 1914-ல் ஸ்போர்ட்டிங்குக்குப் போனார், இரண்டு பக்கமும் பேர் வாங்கினார். ஆனாலும் பெலேமுக்கென்று ஒரு கிளப் இல்லையே என்கிற எண்ணம் அவரை விடவில்லை. 1919-ல் அஃபோன்சோ ட அல்புகெர்க்கி சதுக்கத்தில், ஆமாம், கோவாவைப் பிடித்த அதே அல்புகெர்க்கிதான், அவருடைய சிலை உயரத்தில் நிற்கிற அந்தப் பூங்காவில், ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நண்பர்களோடு பேசி முடிவு செய்தார்கள். கிளப்பின் பிறந்தநாள் 1919 செப்டம்பர் 23. முதலாளி யாரும் இல்லை, கட்டடமும் இல்லை. நான் அந்தப் பூங்கா வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஆற்றுக் காற்று வாங்கிக்கொண்டு வயதானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இந்த இடத்தில் உட்கார்ந்து பேசினதா இவ்வளவு தூரம் வந்தது என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

அப்புறம் எல்லாமே வேகமாக நடந்தது. லீக் வருவதற்கு முன்னால் நாட்டின் பெரிய போட்டி "போர்ச்சுகல் சாம்பியன்ஷிப்" என்கிற நாக்-அவுட் போட்டிதான். 1927, 1929, 1933 என்று மூன்று முறை பெலெனென்செஸ் அதை வென்றது. தொடங்கி எட்டே வருடத்தில் நாட்டின் சாம்பியன்! அந்தக் காலத்திலேயே ஒரு சொல்வழக்கும் வந்துவிட்டது, "பெலெனென்செஸின் கால் மணி நேரம்" என்று. தோற்றுக்கொண்டிருக்கிற ஆட்டத்தைக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் திருப்பிவிடுவார்கள் என்பதுதான் அதன் பொருள். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அணியின் உயிர் பெப்பே. ஜோசே மானுவேல் சோரேஸ் என்பது முழுப்பெயர். இன்றைக்கு நீங்கள் பெப்பே என்றால் ரியல் மாட்ரிட்டில் ஆடிய டிஃபெண்டரை நினைப்பீர்கள். இவர் வேறு, 1908-ல் பிறந்தவர். பெலேமின் ஏழைக் குடும்பத்துப் பையன். பதினெட்டு வயதிலேயே முதல் அணிக்கு வந்துவிட்டார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் போர்ச்சுகல் அணியில் ஆடினார். அந்தக் காலத்தில் கால்பந்து சோறு போடாது. அதனால் ஆற்றங்கரையில் கடற்படை விமானப் பிரிவின் பட்டறையில் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார். ஒரு பக்கம் நாடே கொண்டாடுகிற ஆட்டக்காரர், இன்னொரு பக்கம் வீட்டிலிருந்து மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற தொழிலாளி. 1931 அக்டோபரில் ஒரு நாள் அந்தச் சாப்பாடுதான் எமனானது. சமைக்கும்போது தவறிப்போய் விஷப் பொருள் கலந்துவிட்டது. அக்டோபர் 24-ஆம் தேதி இறந்துபோனார். வயது 23.

லிஸ்பன் முழுக்க அழுத சாவு அது. சவ ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தார்கள். கிளப் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்தது, மைதானத்துக்கே அவர் பெயரை வைத்தது. பின்னாளில் மைதானம் மாறியபோது அந்த நினைவுச் சின்னத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார்கள். இதில் என் மனதைத் தொட்டது ஒன்று உண்டு. பெலெனென்செஸோடு ஆட போர்ட்டோ கிளப் வந்தால், ஆட்டத்துக்கு முன்னால் பெப்பேயின் நினைவுச் சின்னத்தில் மலர் வைத்துவிட்டுத்தான் ஆடும். வருஷக்கணக்காக வந்த பழக்கம். போர்ட்டோவுக்கும் லிஸ்பன் அணிகளுக்கும் உள்ள பகை உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆறவே ஆறாத பகை. அந்தப் பகைக்கு நடுவிலும் இன்னொரு கிளப்பின் பிள்ளைக்கு, அவர் செத்து எத்தனையோ தலைமுறை கழித்து, குனிந்து பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

பெப்பே பெயர் வைத்த அந்த மைதானத்தை மக்கள் சலேசியாஸ் என்றே சொன்னார்கள். போர்ச்சுகலில் கிளப் மைதானங்களில் முதன்முதலாகப் புல் வளர்த்த மைதானம் அது. தேசிய அணியும் அங்கேயே ஆடும். 1938 ஜனவரி 30 அன்று அங்கே நடந்த ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

எதிரணி ஸ்பெயின். ஆனால் எந்த ஸ்பெயின்? உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது, வந்திருப்பது பாசிசத் தளபதி ஃபிராங்கோ பக்கத்து ஸ்பெயின். போர்ச்சுகலில் சலாசாரின் சர்வாதிகாரம். ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணியும் வரிசையில் நின்று வலது கையை நீட்டி பாசிச வணக்கம் வைக்க வேண்டும். அரங்கு நிறைய கூட்டம், மேலே அதிகாரிகள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஆர்தூர் குவாரெஸ்மா மட்டும் கையை உயர்த்தவே இல்லை, உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டபடி நின்றார். மரியானோ அமாரோ, ஜோசே சிமோயெஸ் இரண்டு பேரும் கையை உயர்த்தினார்கள், ஆனால் விரல்களை மடக்கி, முஷ்டியாக. மூன்று பேருமே பெலெனென்செஸ் ஆட்டக்காரர்கள், நிற்பது அவர்கள் சொந்த மைதானம்.

ஆட்டத்தில் போர்ச்சுகல் 1-0 என்று ஜெயித்தது. மூன்று பேரையும் அரசியல் போலீஸ் விசாரணைக்குக் கூட்டிப்போனது. அந்தக் காலத்தில் அந்தப் போலீஸ் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பது அந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தார்கள். மைதானத்தில் துணிச்சல் என்று நாம் எதை எதையோ சொல்கிறோம், பெனால்டியை நடுவில் அடிப்பதையெல்லாம் துணிச்சல் என்கிறோம். எனக்குத் துணிச்சல் என்றால் தொங்கிக்கொண்டிருந்த அந்த ஒற்றைக் கைதான் ஞாபகம் வரும். குவாரெஸ்மா என்ற பெயர் எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? 2016-ல் ஐரோப்பியக் கோப்பை வென்ற போர்ச்சுகல் அணியின் ரிக்கார்டோ குவாரெஸ்மாவுக்கு இவர் பெரிய தாத்தா முறை. ஆனால் ஒன்று, கிளப் முழுக்கவே ஆட்சிக்கு எதிராக நின்றது என்று சொன்னால் அது உண்மையாகாது. பிற்காலத்தில் சர்வாதிகார ஆட்சியில் குடியரசுத் தலைவரான அமெரிக்கோ தோமாஸ் 1940-களில் இதே கிளப்பின் தலைவராக இருந்தவர். ஒரு பேட்டையின் கிளப் என்றால் எல்லாருமே உள்ளே இருப்பார்கள். கை தூக்கியவரும் இருப்பார், தூக்காதவரும் இருப்பார்.

அதே குவாரெஸ்மாவும் அமாரோவும் இருந்த அணிதான் 1945-46-ல் லீக்கை வென்றது. பயிற்சியாளர் அகுஸ்தோ சில்வா, அவரும் இதே கிளப்புக்கு ஆடிய பழைய ஆள். கோல்கீப்பர் கப்பேலா, அவர் முன்னால் வாஸ்கோ, ஃபெலிசியானோ. இந்த மூவருக்கும் "பெலேம் கோபுரங்கள்" என்று பட்டப்பெயர். ஆற்றங்கரையில் கோபுரம் நிற்கிற ஊர்க்காரர்களுக்கு வேறு என்ன பெயர் வரும்! கடைசி ஆட்டம் மே 26, எல்வாஸ் என்கிற ஸ்பெயின் எல்லை ஊரில். பென்ஃபிகா ஒரே ஒரு புள்ளி பின்னால் துரத்திக்கொண்டு வருகிறது. ஜெயித்தே ஆக வேண்டிய ஆட்டம், 2-1 என்று ஜெயித்தார்கள். கணக்கு 38 புள்ளி, பென்ஃபிகாவுக்கு 37. பெலேமில் பிறந்து கிளம்பிப்போன கிளப்பை, பெலேமிலேயே இருந்த கிளப் ஒரு புள்ளியில் முந்தியது. அடுத்த வருடம், 1947 டிசம்பர் 14 அன்று, ரியல் மாட்ரிட் தன் புது மைதானத்தைத் திறந்தபோது, அதாவது இன்று நாம் பெர்னபேயு என்று சொல்கிற அதே மைதானம், முதல் ஆட்டத்துக்கு அழைத்த அணி பெலெனென்செஸ். 3-1 என்று மாட்ரிட் ஜெயித்தது. ஆனாலும் உலகத்திலேயே பெரிய பேர் பெற்ற அந்தப் புல்லில் முதலில் கால் வைத்த விருந்தாளிகள் இவர்கள்தான்.

1951-ல் மொசாம்பிக்கிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். மத்தத்தேயு. போர்ச்சுகல் ரசிகர்கள் அவரை உலகின் எட்டாவது அதிசயம் என்றார்கள். யூசேபியோ என்று உலகம் கொண்டாடியவர் வருவதற்குப் பத்து வருடம் முன்னால், அதே ஊரிலிருந்து, அன்றைய லோரென்சோ மார்க்கெஸிலிருந்து வந்தவர். 1952-53 லீக்கில் 29 கோல், 1954-55-ல் 32 கோல், இரண்டு முறையும் லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் அவர்தான். அவர் தம்பி விசென்டேயும் இதே கிளப்பில்தான் ஆடினார், 1966 உலகக் கோப்பையில் பீலேயை மார்க் செய்ய, அதாவது விடாமல் ஒட்டி நின்று தடுக்க, நிறுத்தப்பட்டவர் அந்தத் தம்பி.

சரி, 1955. இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் வலிக்கிறது. ஏப்ரல் 24, லீக்கின் கடைசி நாள். பெலெனென்செஸ் முதலிடத்தில் இருக்கிறது. சலேசியாஸில் சொந்த மக்கள் முன்னால் ஸ்போர்ட்டிங்கோடு ஆட்டம். ஜெயித்தால் இரண்டாவது பட்டம், வேறு யார் என்ன செய்தாலும் கவலை இல்லை. 2-1 என்று முன்னிலை. நிமிடங்கள் ஓடுகின்றன. நகரத்தின் இன்னொரு பக்கம் பென்ஃபிகா தன் ஆட்டத்தை ஜெயித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் அதனால் பயன் இல்லை, இங்கே இன்னும் நான்கே நிமிடம்தான். அந்த நான்கு நிமிடம் இருக்கும்போது ஸ்போர்ட்டிங்கின் ஜுவாவ் மார்ட்டின்ஸ் கோல் அடித்துவிட்டார். 2-2. ஸ்போர்ட்டிங்குக்கு அந்த கோலால் பட்டம் கிடைக்கவில்லை. பட்டம் பென்ஃபிகாவுக்குப் போனது. இரண்டு அணிக்கும் ஒரே புள்ளி, சம நிலையைப் பிரிக்கிற விதியில் பெலெனென்செஸ் பின்தங்கிவிட்டது. கடைசிக் கால் மணி நேரத்துக்குப் பேர் வாங்கிய கிளப்புக்குக் கடைசி நான்கு நிமிடத்தில் இப்படி. அந்த மார்ட்டின்ஸ்தான் அதே வருடம் செப்டம்பரில் ஐரோப்பியக் கோப்பை என்று புதிதாகத் தொடங்கிய போட்டியின் முதல் கோலையே அடித்தவர், இன்றைய சாம்பியன்ஸ் லீக்கின் முதல் கோல் அது. உலகம் அவரை அந்த கோலுக்காக ஞாபகம் வைத்திருக்கிறது. பெலேம் இந்த கோலுக்காக.

அதற்குப் பிறகு பெலெனென்செஸ் லீக்கை ஜெயிக்கவே இல்லை.

அடுத்து மைதானமும் போனது. நகரத் திட்டம் என்று சொல்லி மாநகராட்சி சலேசியாஸ் நிலத்தைக் கேட்டது. கொடுக்க வேண்டியதாயிற்று. கொடுத்த பிறகு அந்த நிலம் பல வருடம் சும்மாவே கிடந்தது, அதுதான் பெலேம் மக்களுக்கு ஆறாத விஷயம். பதிலுக்குக் கிடைத்தது மேட்டில் ஒரு பழைய கல் குவாரி. அந்தக் குவாரிப் பள்ளத்தில் மைதானம் கட்டினார்கள். பெயர் ரெஸ்டெலோ. 1956 செப்டம்பர் 23, கிளப்பின் பிறந்தநாளன்று திறந்து, முதல் ஆட்டத்திலேயே ஸ்போர்ட்டிங்கை 2-1 என்று ஜெயித்தார்கள். அழகான மைதானம் அது. ஒரு பக்கம் மேலே ஏறி உட்கார்ந்தால் எதிரே தேஜோ ஆறு தெரியும், கப்பல் போவது தெரியும், மாலை வெயில் ஆற்றில் பட்டு எதிர்வெயிலாகக் கண்ணில் அடிக்கும், பந்து எங்கே என்று நெற்றியில் கை வைத்துப் பார்க்க வேண்டும். காற்றும் அப்படித்தான், கோல் கிக் அடித்தால் பந்து பாதி வழியில் யோசிக்கும். ஆனால் கட்டிய செலவு கிளப்பின் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டது, 1961-ல் மைதானத்தையே மாநகராட்சியிடம் ஒப்படைக்கிற நிலை வந்தது. பிறகு திரும்பக் கிடைத்தது என்றாலும், பெரிய மூன்றோடு தோளோடு தோள் நின்ற காலம் அங்கேயே முடியத் தொடங்கியது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த ஐம்பது வருடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1960-ல் போர்ச்சுகல் கோப்பை, லீக்கிலிருந்து தனியான நாக்-அவுட் போட்டி அது. புகழ்பெற்ற பயிற்சியாளர் ஜோசே மொரீன்யோவின் அப்பா ஃபெலிக்ஸ் மொரீன்யோ 1968 முதல் 1974 வரை இங்கே கோல்கீப்பர். 1982-ல் முதன்முறையாக முதல் பிரிவிலிருந்து இறக்கம், அதுவரை பெரிய மூன்றைப் போல இவர்களும் இறங்கினதே இல்லை. 1988-ல், ஐரோப்பிய கிளப்களுக்கான யுஇஎஃப்ஏ கோப்பையை நடப்புச் சாம்பியனாக வைத்திருந்த ஜெர்மனியின் லெவர்குசனை இரண்டு ஆட்டத்திலும் 1-0 என்று தோற்கடித்து வெளியே அனுப்பினார்கள். அந்த சீசன் முடிவில், 1989-ல், இறுதி ஆட்டத்தில் பென்ஃபிகாவை 2-1 என்று ஜெயித்து மறுபடி போர்ச்சுகல் கோப்பை. ஜோர்ஜ் ஜேசுஸ் பயிற்சியாளராக இருந்தபோது 2007-ல் லீக்கில் ஐந்தாம் இடம், கோப்பை இறுதி வரை போய் ஸ்போர்ட்டிங்கிடம் 1-0 தோல்வி. பிறகு இறக்கம், கடன்.

இப்போது 2012-க்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் சட்டம் பேச வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், இது புரிந்தால்தான் மீதிக் கதை புரியும். போர்ச்சுகலில் கிளப் என்பது உறுப்பினர்களின் சங்கம். சந்தா கட்டுகிறவர்கள் ஓட்டுப்போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ரக்பி, ஹேண்ட்பால், பிள்ளைகளுக்கான பயிற்சி எல்லாம் அந்தச் சங்கத்தின் கீழ் நடக்கும். ஆனால் தொழில்முறைக் கால்பந்து அணியை நடத்துவதற்கு மட்டும் தனியாக ஒரு பங்கு நிறுவனம் இருக்கும், அதைச் சுருக்கமாக சாட் என்பார்கள். லைசென்ஸ், ஆட்டக்காரர் ஒப்பந்தம், லீக்கில் உள்ள இடம், எல்லாம் அந்த நிறுவனத்தின் கையில். பெயரும் சின்னமும் மைதானமும் சங்கத்தின் கையில். இரண்டும் ஒற்றுமையாக இருக்கிறவரை வித்தியாசம் யாருக்கும் தெரியாது.

2012-ல் கடன் கழுத்தை நெரிக்க, அந்த நிறுவனத்தின் 51 சதவீதப் பங்குகள் கோட்சிட்டி என்கிற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. உறுப்பினர்கள் சம்மதித்துத்தான் விற்றார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமை தங்களுக்கு உண்டு என்று சங்கம் நம்பியது, அந்த வழக்கில் தோற்றது. மைதானத்தைப் பயன்படுத்தும் ஒப்பந்தம் 2018 ஜூன் 30-ஆம் தேதி முடிந்தது. புதுப்பிக்கவில்லை. முதல் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த அணி, பயிற்சியாளர், ஆட்டக்காரர்கள், லீக் இடம், எல்லாவற்றோடும் கிளம்பி லிஸ்பனுக்கு வெளியே ஜமோர் தேசிய மைதானத்துக்குப் போய்விட்டது.

பெலேமில் என்ன மிச்சம்? மைதானம், சிலுவை, நீலச் சட்டை, பெப்பேயின் நினைவுச் சின்னம். ஆட ஆள் இல்லை.

சங்கம் என்ன செய்தது தெரியுமா? புதிதாக ஓர் அணியைச் சேர்த்து, லிஸ்பன் மாவட்டச் சங்கத்தின் அடித்தட்டில், நாட்டின் ஆறாவது பிரிவில் பதிவு செய்தது. யோசித்துப் பாருங்கள். ஸ்போர்ட்டிங்கும் போர்ட்டோவும் வந்து ஆடிய ரெஸ்டெலோவில், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிற பையன்களின் பேட்டை அணிகள் வந்து ஆடின. மக்களும் வந்தார்கள். அந்தக் காலத்து ஆட்டம் ஒன்றுக்கு நானும் போனேன். எதிரணிப் பையன் ஒருவன் ஆட்டத்துக்கு முன்னால் நடுவட்டத்தில் நின்று, சுற்றி இருக்கிற அரங்கத்தை ஒரு முழுச் சுற்றுத் திரும்பிப் பார்த்தான். பக்கத்திலிருந்த பெரியவர் அவனுக்கும் கை தட்டினார். ஆட்டத் தரம் சுமார்தான், பந்து நின்றால் கால் நிற்காது, கால் நின்றால் பந்து நிற்காது. ஆனால் ஒவ்வொரு கோலுக்கும் எழுந்த சத்தம் இருக்கிறதே, அது ஆறாம் பிரிவுச் சத்தம் இல்லை.

எது உண்மையான பெலெனென்செஸ் என்று கோர்ட்டில் வழக்கு நடந்தது. பெயரையும் சிலுவையையும் நிறுவனம் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. நிறுவனத்தின் அணி கடைசியில் பி-சாட் என்று ஒரு பெயரில் ஆடியது. பி-சாட்! ஒரு கிளப்புக்கு இப்படி ஒரு பெயரைச் சொல்லி எந்தப் பிள்ளை கத்தும், எந்தத் தாத்தா பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்? அரங்கம் காலியாகத்தான் கிடந்தது. அங்கே ஆடிய ஆட்டக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் சம்பளத்துக்கு வந்த தொழிலாளிகள்.

2021 நவம்பர் 27 அன்று நடந்ததை நேயர்களில் சிலர் செய்தியில் பார்த்திருக்கலாம். பி-சாட் அணியில் கொரோனா பரவி ஆட ஆள் இல்லை. ஆட்டத்தை யாரும் தள்ளிவைக்கவில்லை. பென்ஃபிகாவுக்கு எதிராக ஒன்பது பேரோடு இறங்கினார்கள், அந்த ஒன்பதில் இரண்டு பேர் கோல்கீப்பர்கள், ஒரு கோல்கீப்பர் நடுக்களத்தில் ஓடிக்கொண்டிருந்தார். இடைவேளையில் 7-0. இடைவேளை முடிந்து ஏழு பேர்தான் திரும்பி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோல்கீப்பர் முடியாமல் உட்கார்ந்துவிட, ஆறு பேர் ஆனது. ஏழுக்குக் குறைந்தால் ஆட்டம் செல்லாது, நடுவர் விசில் ஊதி முடித்துவைத்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பையன்களை நினைத்துத் துக்கம்தான் வந்தது. பின்னால் ஒரு கூட்டம், ஒரு பேட்டை, நாலு பேர் கேள்வி கேட்கிற உறுப்பினர் சங்கம் இருந்திருந்தால் அப்படி அவர்களை அனுப்பியிருப்பார்களா?

2022-ல் பி-சாட் முதல் பிரிவிலிருந்து இறங்கியது. அடுத்த வருடமே இரண்டாம் பிரிவிலிருந்தும் இறங்கியது. இந்தப் பக்கம் பெலெனென்செஸ் ஒவ்வொரு வருடமும் ஒரு படி ஏறிக்கொண்டே வந்தது. 2019, 2020, 2021, 2022, 2023, ஐந்து சீசனில் ஐந்து ஏற்றம். 2023 கோடையில் பெலெனென்செஸ் இரண்டாம் பிரிவுக்கு ஏறியபோது பி-சாட் அதே இரண்டாம் பிரிவிலிருந்து கீழே இறங்கியது. ஒரே மாடிப்படியில் ஒன்று மேலே போக, ஒன்று கீழே வர, நடுவில் கடந்துபோனது போல.

உண்மையைச் சொல்ல வேண்டும், இரண்டாம் பிரிவில் ஒரே வருடம்தான் நின்றார்கள். 2024-ல் மறுபடி மூன்றாம் பிரிவுக்கு இறக்கம். பணம் உள்ள அணிகளோடு சந்தாப் பணத்தை வைத்துக்கொண்டு ஆடுவது லேசான காரியம் இல்லை. ஆனால் அந்த இறக்கத்தைப் பார்த்து நான் பெரிதாக வருந்தவில்லை, மூன்றாம் பிரிவு என்பது இவர்கள் 2018-ல் நின்ற இடத்துக்கு எவ்வளவோ மேலே.

யாராவது லிஸ்பன் போனால் ஒரு வேலை செய்யுங்கள். 15-ஆம் எண் டிராமில் பெலேமில் இறங்குங்கள். அல்புகெர்க்கி சிலை இருக்கிற பூங்காவில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். பணியாரக் கடை வரிசையில் நின்று ஆறு பணியாரம் சூடாக வாங்கிக்கொள்ளுங்கள், மேலே தூவிக்கொள்ளப் பட்டைத்தூளும் தருவார்கள். அப்புறம் மடாலயத்தைத் தாண்டி மேட்டில் ஏறினால் ரெஸ்டெலோ. ஆட்ட நாளாக இருந்தால் டிக்கெட் எடுத்து ஆறு தெரிகிற பக்கம் உட்காருங்கள். ஆட்டம் இல்லாத நாளாக இருந்தால், பெப்பேயின் நினைவுச் சின்னம் எங்கே என்று நீலச் சட்டை போட்ட யாரிடமாவது கேளுங்கள், கூடவே நடந்து வந்து காட்டுவார்கள். எனக்குக் காட்டியவர் அதன் அடியில் காய்ந்து கிடந்த பூக்களைக் கையால் ஒதுக்கிவிட்டு, பெயரில் படிந்திருந்த தூசியைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுத்தான் என்னைப் படிக்கச் சொன்னார்.

வணக்கம்.